சங்கரலிங்கத்தின் இரண்டாம் பிரதி

பாளையங்கோட்டையில் திருமகள் நகர் என்று ஒரு நகர் இருந்து, அதில் இடம் தீர்ந்துபோனதால் திருமகள் நகர் விரிவாக்கம் என்று இன்னொன்று உண்டாகி, அந்த விரிவாக்கத்தின் இரண்டாவது குறுக்குத் தெருவில், கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற சங்கரலிங்கம் என்பவர், உலகத்தில் எதுவும் தொலைந்துபோகக் கூடாது என்ற ஒரே கொள்கையோடும் பூரணவல்லி என்ற ஒரே மனைவியோடும் வாழ்ந்து வந்தார். இரண்டில் கொள்கையைத்தான் அவர் கூடுதலாகக் கவனித்துக்கொண்டார்.

எந்தக் காகிதம் வந்தாலும் மூன்று செட் எடுக்க வேண்டும் என்பது அவர் அலுவலகத்தில் கற்று வீட்டுக்குக் கொண்டுவந்த ஒழுக்கம். மின்கட்டண ரசீதுக்கு மூன்று செட் ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸ் மங்கிவிடுமே என்று அதற்கொரு ஜெராக்ஸ், காயலான் கடைக்குப் போய்ப் பல காலமாகிவிட்ட சலவை இயந்திரத்தின் உத்தரவாத அட்டைக்கு மூன்று, மருத்துவர் கிறுக்கிய சீட்டுக்கு மூன்று, பெண் பார்க்க வந்த காலத்தில் பூரணவல்லியின் ஜாதகத்துக்கும் மூன்று, அதுவும் சான்றொப்பமிட்டது. அலமாரிகள் நிறைந்து கட்டிலுக்கடியிலும் இடம் போதாமல் ஆனபோது அவர் ஸ்கேனர் வாங்கினார். ஸ்கேன் செய்தவை கணினியில் குவிந்தபோது, கணினி செத்துவிட்டால் என்ன ஆகும் என்ற புதிய பயத்தையும் இலவசமாகப் பெற்றார். அந்தப் பயம்தான் அவரைத் தெற்கு பஜாரில் அந்தோணியின் கணினிக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்தோணி ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க், வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலிருந்தும் அதில் சேமிக்கலாம், ஒரு டிஸ்க்கில் எழுதுவதை மற்றதும் அந்தக் கணமே எழுதிக்கொள்ளும், ஒன்று செத்தால் மற்றது இருக்கும்.

"ஆனா ஒண்ணு அண்ணாச்சி," என்றார் அந்தோணி. "டிஸ்க் தானாக் கெட்டுப்போச்சுன்னா இது காப்பாத்தும். நீங்களா அழிச்சியன்னா காப்பாத்தாது. ஒண்ணுல அழிச்சா ரெண்டுலயும் போயிரும். அதனால வேற ஒரு காப்பி எடுத்து, வேற எடத்துல, வேற ஆள்ட்டக் குடுத்து வைங்க."

"நான் எதுக்குவே அழிக்கப்போறேன்?" என்றார் சங்கரலிங்கம். "கருவூலத்துல இருந்தவன்வே நான். என் கையால ஒரு துண்டுச் சீட்டு அழிஞ்சதில்ல."

வேறு இடம், வேறு ஆள் என்ற சொற்கள் அவருக்கு அருவருப்பாகவே இருந்தன. வேறு ஆள் என்பவன் ஒன்றைத் தொலைப்பதற்காகவே பிறந்தவன் என்பது அவர் துணிபு.

பெட்டி கூடத்தில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், ரவுட்டரோடு ஒரே பலகையில் அமர்ந்தது. அதற்கு விபூதியும் குங்குமமும் இடப்பட்டன. இரண்டு பச்சை விளக்குகள் அதில் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தன.

இந்தக் கதையில் தொலையக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பூரணவல்லியிடம் ஒரு கேசட் இருந்தது. கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது, பல கல்லூரிகள் கூடிய பேச்சுப் போட்டியில், 'படித்த பெண்ணால் வீட்டுக்கு நன்மையே' என்ற தலைப்பில் பத்து ஆண்பிள்ளைகள் மேடையேறிப் பெண்ணைக் குத்துவிளக்கு என்றும் கலங்கரை விளக்கம் என்றும் இன்னும் எரியக்கூடிய பலவாறும் புகழ்ந்து இறங்கிய பிறகு, அவள் ஏறிப் பதினோரு நிமிடம் பேசினாள். இறங்கியபோது மண்டபம் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தது. அவளுடைய தோழி ஜெபமணி அதை டேப்ரிக்கார்டரில் பிடித்திருந்தாள். அதற்கடுத்த மாதமே பூரணவல்லிக்குக் கல்யாணம் ஆயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை அவள் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட வாக்கியம், சாம்பாரில் உப்பு போட்டாயிற்றா இல்லையா என்ற விசாரணைக்கு அளித்த விளக்கமாகத்தான் இருக்கும்.

தை மாதம் பழைய மாணவியர் கூட்டம் நடக்கப்போவதாகவும், அதில் அவள் பேச வேண்டும் என்றும் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. தான் எப்படிப் பேசினோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. ஒருமுறை கேட்டால் போதும், தொண்டை திறந்துகொள்ளும் என்று நம்பினாள். கேசட் போடும் கருவி வீட்டில் இல்லாததால் கணவனிடம் கொடுத்தாள்.

அவர் கருவி இரவல் வாங்கி, ஒயர் மாட்டி, பதினோரு நிமிடத்தையும் கோப்பாக்கிப் பெட்டியில் ஏற்றினார். பிறகு, இனிக் கேசட் எதற்கு என்று, பழைய பிளாஸ்டிக்குக்குக் குடம் கொடுக்கிற வண்டிக்காரனிடம் அதைப் போட்டுக் குளிக்கத் தண்ணீர் மொள்ளும் மக்கு ஒன்று வாங்கினார். மக்கு சிவப்பு நிறம்.

சந்தையிலிருந்து திரும்பிய பூரணவல்லி மக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னட்டி அப்பிடிப் பாக்க? ரெண்டு டிஸ்க்குல இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு. நீ செத்தாலும் இது சாகாது," என்றார் அவர், ஆறுதலாக.

அன்றிரவு பெட்டி இரண்டு டிஸ்க்குகளையும் முழுமையாக ஒப்பிட்டுச் சரிபார்த்தது. மறுநாள் காலை சங்கரலிங்கம் இரண்டு பேராக எழுந்தார்.

அது எப்படி நேர்ந்தது என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் அதிகம் இல்லை, கேட்ட ஓரிருவருக்கும் விடை எளிதாகவே கிடைத்தது. அவருடைய பிறப்புச் சான்றிதழ், கைரேகை, கருவிழிப் பதிவு, நெஞ்சு எக்ஸ்ரே, இதயத் துடிப்பின் வரைபடம், ஜாதகம், குரல், நடை, எல்லாப் பல்லின் படம், பிடுங்கிய பல்லின் படம் என்று அனைத்தும் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. பெட்டிக்கு வெளியே அவரில் மிச்சம் எதுவும் இல்லை. பெட்டி தன் கடமையைச் செய்தது, அவ்வளவுதான்.

பூரணவல்லி காப்பியோடு கூடத்துக்கு வந்தபோது, ஒரே கட்டம்போட்ட லுங்கியில், ஒரே மாதிரி இடக்காலை மடித்து, இரண்டு சங்கரலிங்கங்கள் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில், "காப்பி ஏன் இவ்வளவு நேரம்?" என்றார்கள். அவள் டம்ளரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு இன்னொரு டம்ளர் கழுவப் போனாள். வாழ்நாளில் அவள் கண்ட அற்புதங்கள் எல்லாமே கடைசியில் ஒரு பாத்திரம் கழுவுவதில்தான் முடிந்திருந்தன.

பால்காரர் அடுத்த நாளிலிருந்து அளவைக் கூட்டி ஊற்றினார். பிள்ளையார் கோயிலில் ஒரே பெயர், ஒரே நட்சத்திரம் என்பதால் ஒரு அர்ச்சனைதான் நடந்தது, சுண்டல் மட்டும் இரண்டு தொன்னை. ரேஷன் கடைக் கருவி இருவர் விரலில் எது வைத்தாலும் ஏற்றுக்கொண்டு அரிசி கொடுத்தது. கல்யாணப் பந்தியில் இருவரும் அடுத்தடுத்து அமர்ந்து ஒரே நேரத்தில் அப்பளத்தை நொறுக்கினார்கள். முதல் கல்யாணத்தில் எல்லோரும் பார்த்தார்கள், இரண்டாவதில் சிலர் பார்த்தார்கள், மூன்றாவதில் பரிமாறுகிறவர்கூடப் பார்க்கவில்லை, அவர்கள் பிறந்ததிலிருந்தே இரட்டையர்தானே என்று பந்தியில் ஒருவர் சாதித்தும்விட்டார்.

குடியிருப்போர் சங்கத்துக்குத்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. இரண்டில் எது அசல், எது நகல் என்று தெரியாவிட்டால் யாரிடம் சந்தா வாங்குவது, பொதுக்குழுவில் யாருக்கு வாக்கு என்பதே கேள்வி. ஒரு மனிதன் இரண்டாவது எப்படிச் சாத்தியம் என்று எவரும் கேட்கவில்லை, இரண்டாவதுக்குச் சந்தா உண்டா என்று நான்கு கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

செயலாளர் ஆதிமூலம், மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற அன்று பதவியைத் திருப்பிக் கொடுத்தவர், பச்சை மைப் பேனாவைக் கொடுக்கவில்லை. அவர் எழுந்து, இதில் குழம்ப ஒன்றுமில்லை, அரசாங்கத்தில் நகல் என்று ஒன்று வந்தால் அசலோடு ஒப்பிட்டுச் சான்றொப்பமிடுவதுதானே முறை, அதையே செய்துவிடுவோம் என்றார். எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. இருவரையும் மேடைக்கு அழைத்து, மூக்கு, காது, இடப்புருவத்துத் தழும்பு என்று வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்து, குத்துமதிப்பாக வலப்பக்கம் நின்றவரை நகல் என்று முடிவுசெய்து, அவர் முழங்கையில் 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையைக் குத்திப் பச்சை மையில் கையெழுத்தும் போட்டார். அதே கணத்தில் இடப்பக்கம் நின்றவர் முழங்கையிலும் முத்திரையும் கையெழுத்தும் ஈரத்தோடு தெரிந்தன.

ஆதிமூலம் பேனாவுக்கு மூடி போட்டார்.

"அப்பம் ரெண்டும் நகல்னு எழுதிக்கிடுங்க," என்றாள் பின்வரிசையிலிருந்து செல்லக்கனி. அவள் பூரணவல்லியின் எதிர்வீட்டுக்காரி, வாயை வாடகைக்கு விடாதவள். "அசல் எப்பவோ தொலைஞ்சு போச்சு. அவ கல்யாணத்துக்கு முந்தியே தொலைஞ்சிருக்கும்."

ஆண்கள் அவளை முறைத்தார்கள். ஆனால் அவர்கள் மனம் வேறெங்கோ இருந்தது. மறுவாரத்துக்குள் எங்கள் தெருவில் ஆறு வீட்டில் அதே கறுப்புப் பெட்டி வந்து இறங்கி, ஆறு ஆண்கள் தங்கள் பற்களின் படத்தையும் நெஞ்சின் படத்தையும் பயபக்தியோடு ஏற்றத் தொடங்கினார்கள். தங்களைப் போன்ற ஒருவர் உலகத்துக்குப் போதாது என்ற எண்ணம் அவர்களுக்கு வெகுநாளாகவே இருந்திருக்க வேண்டும். அந்த ஆறு வீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று அந்தோணி வந்து வந்து பார்த்தார். ஆறு வீட்டுப் பெண்களும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியை மாட்டியிருந்தார்கள்.

"ஒண்ணுக்கே துணி மடிக்க நேரமில்ல," என்றாள் செல்லக்கனி.

பூரணவல்லி வீட்டில் மட்டும் பெட்டி இடைவிடாமல் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அவ்வீட்டில் இதுவரை கணவனுக்கு ஒரு வாக்கு, மனைவிக்கு ஒரு வாக்கு என்று, நடைமுறையில் இல்லாவிட்டாலும் எண்ணிக்கையிலாவது ஒரு சமநிலை இருந்தது. இப்போது ஒருவர் சொல்லி மற்றவர் ஆமோதித்து, இரண்டுக்கு ஒன்று என்று எல்லாம் சட்டப்படி நிறைவேறின. சங்கரலிங்கம் வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னை முழுமையாகப் புரிந்துகொண்ட ஒருவரைச் சந்தித்திருந்தார். மனைவியை 'ஏட்டி' என்று அழைத்தவர் நகலை 'நீங்க' என்றார். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள், ஒரே வாக்கியத்தை ஒரே நேரத்தில் பேசினார்கள், பேசி முடித்து ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள். ஒரே நேரத்தில் பேசுகிற இருவர் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, கேட்காமலே சம்மதிப்பதற்குத்தான் ஒற்றுமை என்று பெயர் என நினைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் வியாழக்கிழமையை அவர்கள் வெள்ளிக்கிழமை என்றார்கள்.

"இன்னைக்கு வியாழன்," என்றாள் பூரணவல்லி.

"வெள்ளிதானேவே?" என்று ஒருவர் மற்றவரிடம் கேட்க, மற்றவரும் அதையே கேட்க, இருவரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.

"ரெண்டு பேர் சொல்லுதோம், நீ ஒருத்தி சொல்லுத. நீயே யோசிச்சுக்கோ," என்றார்கள்.

அன்று வெள்ளிக்கிழமையாகவே கழிந்தது. மாமிசம் சமைக்கவில்லை. மறுநாளும் வெள்ளிக்கிழமை வந்தபோது அவர்கள் காலண்டர் அச்சடித்தவனைக் குறை சொன்னார்கள்.

இப்படி நாட்கள் போக, மார்கழியில் பெட்டி நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்தது. கருவூலத்து மனிதருக்கு அது தாங்கவில்லை, ஏனெனில் மூன்று செட் எடுத்த மின்கட்டண ரசீதுகளில் மூன்றாவது செட் இன்னும் ஏறாமல் கட்டிலுக்கடியில் கிடந்தது. தேவையில்லாமல் இரண்டாக இருப்பவற்றைக் களைந்தால் இடம் கிடைக்கும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டாக இருப்பதில் தேவையில்லாதது எது என்ற கேள்வி அவ்விருவருக்கும் ஏன் வேறு திசையில் தோன்றவில்லை என்பது தெய்வத்துக்கே வெளிச்சம். ஒருவர் கணினி முன்னும் மற்றவர் மடிக்கணினி முன்னும் முதுகோடு முதுகாக அமர்ந்து தேடத் தொடங்கினார்கள்.

ஒருவர் திரையில் 'பூரணம் பேச்சு' என்ற கோப்பு தெரிந்தது. மற்றவர் திரையிலும் தெரிந்தது. பெட்டியில் இருந்தது ஒரே கோப்பு. இருவர் பார்த்ததால் அது அவர்களுக்கு இரண்டாயிற்று.

"எங்கிட்ட இருக்கதை அழிச்சிருதேன், உங்ககிட்ட இருக்கது இருக்கட்டும்," என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில், ஒருவர் குரலை மற்றவர் கேளாமல். பிறகு இருவரும் அழித்தார்கள். குப்பைத் தொட்டியையும் காலிசெய்தார்கள், சுத்தம் முக்கியம் என்பதால். கிடைத்த இடத்தில் மின்கட்டண ரசீதுகளின் மூன்றாவது செட்டை உடனே ஏற்றினார்கள், காலி இடத்தை வீணாக்கக் கூடாது என்பதால்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பூரணவல்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அந்தப் பேச்சைப் போடுங்கள், கேட்கிறேன் என்றாள். அவர்கள் தேடினார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள். தேடலின் வேகம் கூடியது, பிறகு குறைந்தது.

அந்தோணி வரவழைக்கப்பட்டார். தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் கிளறிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு டிஸ்க்குலயும் ஒழுங்கா அழிஞ்சிருக்கு அண்ணாச்சி. அழிஞ்ச எடத்துக்கு மேலேயே கரண்டு பில் ஏறி உக்காந்திருக்கு. பெட்டி மேல ஒரு தப்பும் சொல்ல முடியாது. நீங்க செஞ்சதை அது ஒண்ணு விடாமச் செஞ்சிருக்கு."

"ஆரு அழிச்சது?" என்றாள் பூரணவல்லி.

இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி ஒருவரை ஒருவர் காட்டினார்கள். இரண்டு முழங்கையிலும் பச்சை மையில் 'சரிபார்க்கப்பட்டது' என்றிருந்தது.

"அவர்ட்ட இருக்கும்லான்னு நெனச்சேன்," என்றார்கள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்ற இரண்டு பேர் இருந்தார்கள், அந்த ஆபத்தை அவள் உணர்ந்திருக்கக்கூடும். முகத்தைக் கழுவி, சேலை மாற்றி, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"எங்கட்டி போற? மத்தியானத்துக்கு யாரு ஆக்குவா?" என்ற ஒரே கேள்வி இரண்டு தொண்டையிலிருந்து வந்தது.

"அதான் ரெண்டு பேரு இருக்கியள்லா. ஒருத்தர் ஆக்கலன்னா இன்னொருத்தர் ஆக்குவாரு," என்று சொல்லிவிட்டு அவள் தூத்துக்குடி பஸ் பிடித்தாள்.

தூத்துக்குடியில் ஜெபமணி இருந்தாள். இருவரும் பேசி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. காரணம், பூரணவல்லியின் நிச்சயதார்த்தத்தன்று ஜெபமணி சொன்ன ஒரு வாக்கியம். ஜாதகத்தையே மூன்று செட் சான்றொப்பத்தோடு கேட்கிறவனிடம் நீ என்னத்தைப் பேசுவாய், அவன் என்னத்தைக் கேட்பான் என்று, பந்தலில் நான்கு பேர் காதுபடச் சொல்லியிருந்தாள். இப்படிப்பட்ட உண்மைகளை மன்னிப்பதற்கு ஒருத்திக்குப் பாதி ஆயுளாவது வேண்டும். ஜெபமணி வேதியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டில், யாரோடும் ஒத்துப்போகாமல், ஆரோக்கியமாக இருந்தாள்.

கதவைத் திறந்தவள் பூரணவல்லியை மேலும் கீழும் பார்த்தாள்.

"வா. செருப்பை வெளிய விடு. இப்பம்தான் தொடச்சேன்."

உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, பூரணவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, இரண்டு டிஸ்க், இரண்டு கணவர், மக்கு, மின்கட்டண ரசீது. ஜெபமணி இரண்டு கணவர் என்ற இடத்தில் புருவத்தை உயர்த்தவில்லை, மக்கு என்ற இடத்தில் உயர்த்தினாள்.

"கேசட்டைப் போட்டு மக்கு வாங்குனானா?"

"ம்."

"என்ன கலரு?"

"செவப்பு."

ஜெபமணி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூரணவல்லிக்கும் சிரிப்பு வந்தது, அது சிரிப்பிலிருந்து வேறொன்றாக மாறப்போகும் சமயத்தில் ஜெபமணி எழுந்து பீரோவைத் திறந்தாள்.

"ஏட்டி கோட்டி, நீ கொண்டுபோனது நகல். அசலை உங்கிட்ட எவ குடுப்பா? மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்த அன்னைக்கே இன்னொரு கேசட்டுல ஏத்தி அதைத்தான் உனக்குக் குடுத்தேன். அசல் இங்கதான் இருக்கு."

பூரணவல்லி எழுந்தேவிட்டாள்.

"இரு, ஆடாத. எங்க அக்கா மக கிறிஸ்துமஸ் பாட்டை இது மேல எடுத்துட்டா. மொத பாதி போச்சு. கடைசி நாலு நிமிஷம்தான் இருக்கு. இந்த வீட்லயும் ஒண்ணும் முழுசா இல்ல பாத்துக்கோ."

பழைய டேப்ரிக்கார்டர் சுழன்றது. பிள்ளைகள் ஒரு பாட்டை முடித்தார்கள், ஒரு நாற்காலி இழுபட்டது, பிறகு இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி, பாதி வாக்கியத்திலிருந்து, சற்றும் நடுங்காத குரலில் பேசத் தொடங்கினாள்: "...அவளுக்கு நன்மையா என்று இந்த மேடையில் ஒருவரும் கேட்கவில்லை, நடுவர் அவர்களே."

நான்கு நிமிடமும் கேட்டு முடித்தபோது ஜன்னலுக்கு வெளியே கப்பல் ஒன்று ஊதியது.

"இதுக்கு முந்தி என்னட்டி சொன்னேன்?" என்றாள் பூரணவல்லி.

"எனக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்? நீதானே பேசுன."

"எனக்கு மறந்துபோச்சு."

"அப்பம் புதுசாச் சொல்லு. ஒனக்கு இப்பம் சொல்லுததுக்கா விஷயமில்ல?"

பூரணவல்லி அந்த ஒரு வாரமும் தூத்துக்குடியிலேயே இருந்தாள். எங்கள் தெருவில் அந்த வாரம் நடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முதல் நாள் காலை இரண்டு சங்கரலிங்கங்களும் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று கூடத்துக்கு வந்துவிட்டார்கள், பால் பொங்கி அடுப்பை அணைத்தது. மோட்டாரை மற்றவர் நிறுத்துவார் என்று இருவரும் விட்டதில் மேல்தொட்டி வழிந்து தெருவில் ஆறு ஓடியது. பூட்டை மற்றவர் போட்டிருப்பார் என்று இருவரும் கோயிலுக்குப் போனதில் திறந்த வீட்டுக்குள் ஒரு கன்றுக்குட்டி வந்து நின்றது. அது எதையும் தொலைக்கவில்லை, கொஞ்சம் சேர்த்துவிட்டுத்தான் போயிற்று. சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, மனைவியைத் திரும்ப வரக் கோருவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. செல்லக்கனி மட்டும், அந்த ஒரு மனம் யாருடையது என்று கேட்டாள்.

கூட்டத்தன்று விரிவாக்கத்துப் பெண்கள் ஒரு வேன் பிடித்துக் கல்லூரிக்குப் போனோம். முதல் வரிசையில், ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில், இரண்டு சங்கரலிங்கங்களும் முன்னதாகவே வந்து அமர்ந்திருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நடந்ததற்கு ஈடுசெய்ய வேண்டும் என்று அவர்கள் உறுதியோடு வந்திருந்தார்கள், இந்த முறை பேச்சை முழுமையாகப் பதிவுசெய்து பத்திரப்படுத்துவது என்று, அதற்கென்றே புதிதாக வாங்கிய இரண்டு கைபேசிகளோடு.

பூரணவல்லி மேடையேறி, ஒலிவாங்கி முன்னால் ஜெபமணியிடம் இரவல் வாங்கிய சிறிய கேசட் கருவியை வைத்து அழுத்தினாள். கிறிஸ்துமஸ் பாட்டின் கடைசி அடி மண்டபத்தில் எழுந்ததும் சிலர் சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண் பேசினாள். நாடா நான்கு நிமிடம் ஓடியது. குரல் நின்றதும் பூரணவல்லி கருவியை அணைத்தாள்.

"இது கடைசிப் பகுதி," என்றாள். "முதற்பகுதி என் வீட்டில் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தது. ஆகவே தொலைந்துவிட்டது."

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு அலையாக வந்தது.

"என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. எனவே இப்போது சொல்கிறேன். இருபத்தோரு வயதில் நான் ஊகித்துப் பேசியதை இன்று தெரிந்து பேசலாம். படித்த பெண்ணால் வீட்டுக்கு நன்மையா என்று கேட்டார்கள். நன்மைதான். வீடு நன்றாக இருக்கிறது, நான் சாட்சி. ஒவ்வொரு காகிதமும் மூன்று செட் இருக்கிறது. கரண்டு பில் இருக்கிறது. வீட்டுக்காரர்கூட இரண்டு செட் இருக்கிறார். என்னை மட்டும் யாரும் ஒரு செட்கூட எடுத்து வைக்கவில்லை..."

அவள் தொடர்ந்து பேசினாள். என்ன பேசினாள் என்பதை முழுவதும் இங்கே எழுத எங்களுக்கு நினைவாற்றல் போதாது. கேட்டுக்கொண்டிருந்தபோது வேனில் வந்த பாதிப்பேர் அழுதோம் என்பதும், மீதிப்பேர் சிரித்தோம் என்பதும், செல்லக்கனி இரண்டையும் செய்தாள் என்பதும் நினைவிருக்கிறது. முடிந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது போலவே, மண்டபம் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தது. பிறகு நினைவு வந்து இடிந்துவிழுவதுபோல் தட்டியது. இரண்டு சங்கரலிங்கங்களும் எழுந்து நின்று தட்டினார்கள், நான்கு கைகளாலும். கண்ணில் நீர்கூட இருந்தது, நான்கு கண்ணிலும். நான்கு கையும் காலியாக இருப்பதைப் பிறகுதான் கவனித்தார்கள். கைபேசிகள் சட்டைப்பையிலேயே இருந்தன.

"எடுத்தியளா?" என்றார் ஒருவர்.

"எடுத்தியளா?" என்றார் மற்றவர்.

"நீங்க எடுப்பியன்னுல்லா நெனச்சேன்," என்றார்கள் இருவரும்.

மண்டபத்தின் கடைசி வரிசையில், மின்விசிறிச் சத்தம் படாத மூலையில், ஜெபமணி மட்டும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய டேப்ரிக்கார்டர் இருந்தது. தன் கைதட்டல் பேச்சின் மேல் விழுந்துவிடக் கூடாது என்று இரு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு, ஓசை முழுவதும் ஓயும்வரை காத்திருந்து, பிறகு பொத்தானை அழுத்தினாள். டக்கென்றது. கேசட்டை வெளியே எடுத்து, அக்கா மகள் போன்றவர்கள் மேலே எதையும் பதிய முடியாதபடி அதன் முதுகிலுள்ள சிறிய பிளாஸ்டிக் தகட்டைப் பேனா முனையால் உடைத்துப் போட்டாள்.

அதைப் பெட்டியில் ஏற்றிப் பத்திரமாக வைத்துத் தருகிறோம் என்று இரண்டு சங்கரலிங்கங்களும் கைநீட்டிக்கொண்டு அருகில் வந்தார்கள்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் ஜெபமணி, கேசட்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தபடி. "இது வேற எடம். நான் வேற ஆளு."